பிள்ளைக்கு ஏன் படிப்பு ஏறவில்லை? நரம்பு உளவியல் மதிப்பீடு பற்றி வன்னிப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

கரும்பலகையைப் பார்த்தபடியே இருக்கிறான், கொப்பியில் ஒரு வரியும் இல்லை. நேற்றுச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு இன்று நினைவில் இல்லை. கேள்வி கேட்டால் தலை குனிகிறான், அல்லது பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறைக்குப் போனாலும் இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு இருக்கும். பேச்சின் முடிவில் ஒரு தீர்ப்பும் இருக்கும்: சோம்பேறி, அடங்காதவன், வீட்டில் கவனிப்பில்லை, அல்லது எல்லாம் போரால் வந்தது.

அந்தத் தீர்ப்புகளில் ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே நடத்தைக்குப் பின்னால் எத்தனையோ காரணங்கள் இருக்க முடியும். குடித்துவிட்டு வரும் தகப்பனுக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை பாடத்தைக் கேட்காது. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையும் கேட்காது. எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத பிள்ளை, அது வெளியே தெரியாமலிருக்கக் குழப்படி செய்யும். சிறு வயதில் காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, ஆசிரியர் சொல்வதில் பாதியைத் தவறவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சில நொடிகள் மட்டுமே வந்துபோகும் ஒருவகை வலிப்பும் இருக்கிறது. பிள்ளை விழாது, கைகால் உதறாது, கண் மட்டும் வெறித்து நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது பகற்கனவு. ஒரு நாளில் பல தடவை அப்படி வந்தால், கேட்கும் பாடத்தில் துண்டு துண்டாகக் காணாமற்போகும். மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் அது. அந்தப் பிள்ளைக்குப் பிரம்படி கொடுத்து என்ன பயன்?

இந்தக் காரணங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் வழிகளில் ஒன்று நரம்பு உளவியல் மதிப்பீடு. பெயர் கனமாக இருப்பதால் பெற்றோர் பலர் பயந்துவிடுகிறார்கள். மூளையைச் சோதிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் கரண்ட் வைப்பார்களோ என்று கேட்ட அம்மாக்கள் உண்டு. ஊசி இல்லை, வயர் இல்லை, மின்சாரம் இல்லை, தலையைப் படம் பிடிக்கும் இயந்திரமும் இல்லை. ஒரு மேசை, இரண்டு கதிரை, காகிதம், பென்சில், சில கட்டைகள், சில படங்கள், நேரம் பார்க்க ஒரு கடிகாரம். மேசையின் ஒரு பக்கத்தில் பயிற்சி பெற்ற உளவியலாளர், மறுபக்கத்தில் பிள்ளை. பிள்ளை செய்து காட்டும் சிறு சிறு வேலைகளைக் கொண்டு அதன் மூளை எந்த வேலையை இலகுவாகச் செய்கிறது, எதில் தடக்குப்படுகிறது என்று கண்டறிகிறார்கள்.

எவற்றையெல்லாம் பார்க்கிறார்கள்

கெட்டிக்காரப் பிள்ளை, மொக்குப் பிள்ளை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. படிப்பு என்ற ஒன்றுக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பதை ஒரு சொல்வதெழுதுதல் பாடத்திலேயே பார்த்துவிடலாம். ஆசிரியை ஒரு வசனத்தை வாசிக்கிறார். வெளியே உழவு இயந்திரம் போகும் சத்தத்தை ஒதுக்கிவிட்டு அவருடைய குரலைப் பிடிக்க வேண்டும், அது கவனம். எழுதி முடியும்வரை வசனம் முழுவதையும் மனத்தில் தாங்கியிருக்க வேண்டும், அது செயல்நினைவு. ஒலியை எழுத்தாக்க மொழித்திறன் வேண்டும். லகரமா ளகரமா என்று முன்பு கற்றதைத் தேடியெடுக்க நீண்டகால நினைவு வேண்டும். விரல்கள் ஒத்துழைக்க வேண்டும். அடுத்த வசனம் வருவதற்குள் முடிக்கும் வேகம் வேண்டும். பக்கத்து மேசைக்காரன் கூப்பிட்டாலும் திரும்பாமலிருக்கத் தன்னை அடக்கும் ஆற்றல் வேண்டும். இவற்றில் எது பிசகினாலும் கொப்பியில் தெரிவது ஒன்றுதான்: பாதியில் நின்ற வசனம், அதன்மேல் சிவப்புக் கோடு.

இரணைமடுக் குளம் வான்பாயும் அளவுக்கு நிறைந்திருந்தாலும், வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு இருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. பயிர் வாடுவதைப் பார்த்ததும் குளம் வற்றிவிட்டது என்று எந்தக் கமக்காரனும் சொல்ல மாட்டான். வாய்க்கால் வழியே நடந்து போய் அடைப்பு எங்கே என்று தேடுவான். இந்த மதிப்பீடு செய்வதும் அதையே.

சோதனைகளில் சில, பார்ப்பதற்கு விளையாட்டுப் போலவே இருக்கும். உளவியலாளர் சில எண்களைச் சொல்வார். பிள்ளை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கடைசியிலிருந்து முன்னோக்கிச் சொல்லச் சொல்வார். முதலாவதற்குப் பெரும்பாலும் கவனம் போதும். இரண்டாவதற்கு எண்களை மனத்தில் பிடித்துக்கொண்டே அவற்றைப் புரட்ட வேண்டும். முதலாவதை நன்றாகச் செய்து இரண்டாவதில் தடுமாறும் பிள்ளை, மனக்கணக்கிலும் தடுமாறலாம். கடையில் மூன்று சாமான் வாங்கி மீதிக் காசைச் சரிபார்ப்பதிலும் தடுமாறலாம். இன்னொரு சோதனையில் 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டிருப்பார்கள். சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935இல் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் விவரித்த முறை இது. வாயில் தானாக வரும் பதிலை நிறுத்திவைக்கும் ஆற்றலை இது காட்டும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வரைதல் சோதனை. சுவிஸ் உளவியலாளர் அந்திரே ரே 1941இல் அறிமுகப்படுத்தியது. பெரிய செவ்வகம், உள்ளே குறுக்குக் கோடுகள், ஓரங்களில் முக்கோணமும் சிறு வட்டமும் வேறு பல துணுக்குகளும் கொண்ட சிக்கலான உருவம் ஒன்றைப் பிள்ளையின் முன்னால் வைத்து, பார்த்து வரையச் சொல்வார்கள். வரைந்துகொண்டிருக்கும்போது இடையிடையே வேறு நிறப் பென்சிலைக் கொடுப்பவர்களும் உண்டு. எந்தக் கோட்டுக்குப் பிறகு எந்தக் கோடு வந்தது என்று பின்னர் தெரிந்துகொள்வதற்காக. சிறிது நேரம் கழித்து, அசலை மறைத்துவிட்டு நினைவிலிருந்து வரையச் சொல்வார்கள். ஒரு பிள்ளை முதலில் பெரிய செவ்வகத்தைப் போட்டு, அதை அச்சாக வைத்து மற்றவற்றைச் சேர்க்கும். இன்னொரு பிள்ளை ஓரத்திலிருக்கும் சிறு வட்டத்தில் தொடங்கி, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே போகும். பார்த்து வரைந்த இரண்டு படங்களும் முடிவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கலாம். நினைவிலிருந்து வரையும்போதுதான் வேறுபாடு தெரியும். இரண்டாவது பிள்ளையின் தாளில் சில துண்டுகள் மட்டும் மிதக்கும். அந்தப் பிள்ளைக்கு நினைவாற்றல் மோசம் என்று எழுதிவிடக் கூடாது. படத்தை முழுமையாக ஒழுங்குபடுத்தி உள்ளே எடுக்கவில்லை, அதனால் வெளியே எடுக்க முடியவில்லை. வகுப்பில் இந்தப் பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் பாடமாக்கச் சொல்வது உதவாது. பாடத்தின் சட்டகத்தை முதலில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் உதவும்.

சொற்பட்டியல் சோதனையிலும் இதே நுணுக்கம் இருக்கிறது. 15 சொற்களை ஐந்து தடவை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு தடவையும் நினைவிலிருப்பவற்றைச் சொல்லச் சொல்வார்கள். அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்பார்கள். பிள்ளை நான்கு சொற்களோடு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் புதிய சொற்களோடு கலந்து ஒவ்வொன்றாக வாசித்து, இது பட்டியலில் இருந்ததா என்று கேட்டால், ஏறத்தாழ எல்லாவற்றையும் சரியாக இனங்காண்கிறது. அப்படியானால் சொற்கள் உள்ளே போயிருக்கின்றன. தேடி எடுப்பதில்தான் சிரமம். மனச்சோர்வுள்ள பிள்ளைகளிடம் இப்படிக் காணப்படுவதுண்டு. பரீட்சையில் சிறு குறிப்பு ஒன்று கிடைத்தால் எழுதிவிடக்கூடிய பிள்ளை அது.

எங்கிருந்து வந்தது

பிரான்சின் கல்வி அமைச்சு, சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு உதவ வழி தேடியபோது, அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் அறிவுத்திறனை அளக்கும் முதலாவது அளவுகோலை உருவாக்கினார்கள். பிள்ளைகளுக்கு முத்திரை குத்துவதற்காக அது உருவாகவில்லை. ஒருவருடைய அறிவின் அளவு பிறப்பிலேயே முடிவாகிவிட்டது, கூட்ட முடியாது என்ற கருத்தை பினே 1909இல் கடுமையாக மறுத்து எழுதினார். அந்த அளவுகோலை உருவாக்கியவரே சொன்ன இந்த எச்சரிக்கையைப் பின்னால் வந்த பலர் மறந்துபோனார்கள் என்பது வருத்தமான வரலாறு.

மூளையையும் நடத்தையையும் இணைத்துப் பார்க்கும் வழி பெருமளவுக்குப் போர்க்களங்களிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் தலையில் காயப்பட்ட சோவியத் படைவீரர்களை உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா வருடக்கணக்கில் கவனித்தார். ஒருவருக்குச் சொற்கள் போயிருந்தன, இன்னொருவருக்குத் திட்டமிடும் திறன், வேறொருவருக்கு இடமும் திசையும். எந்த வேலை உடைந்திருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியதைக் கொண்டு உடைந்ததை எப்படி ஈடுசெய்யலாம் என்று அவர் கேட்டார். தலையிலும் உடம்பிலும் செல் துண்டுகளோடு வாழும் மனிதர்கள் இருக்கும் நமது மண்ணில் அந்தக் கேள்விகள் இன்றும் பொருந்தும்.

மனம் நோகும்போது மூளை செய்யும் வேலை

பயம், துக்கம், கோபம் எல்லாம் உணர்வு. படிப்பு என்பது அறிவு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் பலர். உண்மை அப்படியில்லை. மனச்சோர்வு சிந்தனையின் வேகத்தைக் குறைக்கும். பதகளிப்பில் இருக்கும் பிள்ளையின் செயல்நினைவில் ஒரு பங்கைக் கவலை பிடித்துக்கொள்ளும். கணக்குக்கு மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம். கொடுமைகளைக் கண்ட பிள்ளையின் மூளை காவலிலேயே இருக்கும். கண் கொப்பியில் இருந்தாலும் கவனம் கதவடியில் இருக்கும். எண்ணச் சுழற்சி நோயுள்ள பிள்ளை ஒரே எழுத்தை அழித்து அழித்து எழுதி நேரத்தைத் தொலைக்கும். கவனக்குறைவும் மிகைச்செயற்பாடும் உள்ள பிள்ளை ஒரு நிமிடம் அருமையாகச் செய்து, அடுத்த நிமிடம் எங்கேயோ போய்விடும். அந்த ஏற்ற இறக்கமே அதன் அடையாளம்.

இது வெளியூர்ப் புத்தகக் கதை மட்டுமில்லை. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் 420 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2009இல் வெளியானது. 92 வீதமானோர் குண்டுவீச்சு, செல்லடி, நெருங்கியவரின் சாவைக் காணுதல் போன்ற கொடிய அனுபவங்களுக்கு உட்பட்டிருந்தார்கள். நாலில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருப்பதாக அந்தப் பிள்ளைகள் வாயால் சொன்னதை, நினைவாற்றல் சோதனைகளும் பாடசாலைப் புள்ளிகளும் உறுதிப்படுத்தின. படிக்காத பிள்ளை என்று நாம் திட்டியவர்களில் எத்தனை பேர் அந்த நாலில் ஒருவராக இருந்திருப்பார்கள்!

அதற்காக இன்றும் எல்லாவற்றையும் போரின்மேல் போட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. இன்று ஆரம்ப வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் அதைக் காணவில்லை. அவர்களுடைய தாய் தகப்பன் கண்டார்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். அந்த வலி வீட்டுக்குள் இருக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கென்று வேறு காலமும் வேறு இழப்புகளும் இருக்கின்றன. 2020, 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பூட்டினார்கள். அப்போது எழுத்துக் கூட்டும் வயதிலிருந்து, வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லாமல் அந்தக் காலத்தை இழந்த பிள்ளைக்கு இருப்பது கற்றல் குறைபாடா, கற்பிக்கப்படாத குறையா? இரண்டுக்கும் மருந்து வேறு. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து எல்லைக் கிராமங்களில் யானைக்குக் காவலிருக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தூக்கமில்லை. காலையில் தேநீரோடு மட்டும் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் கவனம் குறையும். இவற்றையெல்லாம் விசாரித்த பிறகே சோதனைத் தாளைத் திறக்க வேண்டும்.

ஒரு கற்பனைப் பிள்ளை

விசுவமடுப் பக்கத்தில் தரம் 8 படிக்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். இரண்டு வருடமாகப் புள்ளிகள் சரிந்துகொண்டே வருகின்றன. காலையில் வயிற்றுவலி, பாடசாலைக்குப் போக மறுப்பு, யாரோடும் பேச்சில்லை. உளநலக் கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லி உளவளத்துணை கொடுக்கிறார்கள். முகம் தெளிகிறது, தோழிகளோடு சிரிக்கிறாள். புள்ளி மட்டும் ஏறவில்லை. இவ்வளவும் செய்தும் படிக்கிறாள் இல்லையே என்று அம்மாவுக்குக் கோபம் வரத் தொடங்குகிறது.

இங்கேதான் மதிப்பீடு பயன்படும். சொற்களின் பொருள் சொல்வதிலும் காரணம் கண்டறிவதிலும் அவள் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறாள். சொற்பட்டியலை நன்றாக நினைவில் வைக்கிறாள். ஆனால் சத்தமாக வாசிக்கக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லையும் இழுக்கிறாள். பொருளில்லாத புதுச் சொற்களைக் கூட்டி வாசிக்கவே முடியவில்லை. தரம் 2, 3 கொப்பிகளை எடுத்துப் பார்த்தால் அதே பிழைகள் அங்கேயும் இருக்கின்றன. அப்படியானால் கதை தலைகீழாகிறது. வாசிப்பில் இருந்த குறைபாட்டை, ஆரம்ப வகுப்புகளில் மனப்பாடத்தாலும் கெட்டித்தனத்தாலும் மறைத்து வந்திருக்கிறாள். தரம் 6க்குப் பிறகு வரலாறும் விஞ்ஞானமும் பக்கம் பக்கமாக வந்தபோது தாக்குப்பிடிக்க முடியவில்லை. வகுப்பில் வாசிக்கச் சொல்லிச் சிரித்தார்கள். வெட்கமும் பயமும் சேர்ந்து மனச்சோர்வாக வந்தது. துக்கத்துக்கு மட்டும் வைத்தியம் செய்து வாசிப்பை விட்டுவிட்டால், அடுத்த தவணையில் அதே வயிற்றுவலி திரும்ப வரும்.

அதே மாணவிக்கு வாசிப்பு நன்றாக இருந்து, வேகம் மட்டும் குறைந்து, சொற்பட்டியலில் இனங்காண முடிந்தும் நினைவுகூர முடியாமல் இருந்திருந்தால் முடிவு வேறு. மனச்சோர்வு இன்னும் முற்றாகப் போகவில்லை, சிகிச்சையைத் தொடர வேண்டும், அதுவரை பாடச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று எழுதுவார்கள். பாடசாலை அறிக்கையில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே புள்ளிதான் இருந்திருக்கும்.

எண்ணை எப்படிப் பார்ப்பது

அறிக்கையில் எண்கள் வரும். டேவிட் வெக்ஸ்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட அறிவுத்திறன் சோதனையின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. 6 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கு உரியது. அதில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். அது நூற்றுக்கு வாங்கிய புள்ளி இல்லை. அதே வயதுப் பிள்ளைகள் மத்தியில் இந்தப் பிள்ளை நிற்கும் இடம். ஒரே மொத்த எண்ணைவிட, மொழி, காட்சி, பகுத்தறிவு, செயல்நினைவு, வேகம் என்று தனித்தனியாக வரும் எண்களுக்கு இடையிலான மேடு பள்ளமே அதிகம் சொல்லும்.

ஆனால் "அதே வயதுப் பிள்ளைகள்" யார்? அமெரிக்கப் பதிப்பென்றால் அமெரிக்கப் பிள்ளைகள். முத்தையன்கட்டுப் பிள்ளையை அவர்களோடு ஒப்பிட்டு வரும் எண்ணை அப்படியே நம்புவது அநியாயம். மொழி எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு வேல்ஸ் நாட்டில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். அதனால் எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் வேல்ஸ் மொழியில் செய்பவர்கள் குறைவாகப் பெறுவார்கள் என்று எல்லிஸ், ஹெனலி என்ற ஆய்வாளர்கள் 1980இல் காட்டினார்கள். மூளையில் குறையில்லை, நாக்குக்கு நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். தமிழில் செய்யும்போதும் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பாடசாலைப் பழக்கமும் விளையாடும். லூரியா 1931, 1932இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் இப்படிக் கேட்டார்: பனி கொட்டும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது, அங்கே கரடிகள் என்ன நிறம்? நான் அங்கே போகவில்லை, பார்க்காததை எப்படிச் சொல்வது என்ற வகையில் பதில்கள் வந்தன. பொறுப்பான மனிதரின் பதில் அது. சோதனைத் தாளில் அதற்குப் பூச்சியம். வயலிலும் கடலிலும் வளர்ந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிய நமது பிள்ளைகளும் இப்படிப் பூச்சியம் வாங்கக்கூடும்.

மொழியைக் குறைவாகக் கோரும் சோதனைகள் இருக்கின்றன. ஜோன் ரேவன் 1938இல் வெளியிட்ட வடிவக் கோலங்கள் அப்படிப்பட்டவை. விடுபட்ட துண்டைக் கண்டுபிடித்தால் போதும். இந்தியாவில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற உளநல, நரம்பியல் நிறுவனம் 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கென ஒரு நரம்பு உளவியல் சோதனைத் தொகுதியை 2004இல் வெளியிட்டது. அதுவும் வன்னிக்காக அளவெடுத்துத் தைத்த சட்டையில்லை, ஆனால் கிட்ட வருகிறது. நல்ல உளவியலாளர் எண்ணை ஒரு சாட்சியாக மட்டும் எடுத்து, கொப்பி, ஆசிரியரின் சொல், அம்மாவின் சொல், பிள்ளை கதிரையில் இருந்த விதம் எல்லாவற்றோடும் வைத்துப் பார்ப்பார். மொத்த எண் ஒன்றை மட்டும் எழுதித் தந்துவிட்டு அனுப்பினால், அதை முழு மதிப்பீடு என்று ஏற்க வேண்டாம்.

இன்னொன்றும் தெளிவாக வேண்டும். இந்தச் சோதனைகள் தனியே நின்று மனச்சோர்வு, மனவடு, ஓட்டிசம் என்று நோய்க்குப் பெயர் வைக்க மாட்டா. அதை மருத்துவர், வரலாற்றையும் நடத்தையையும் பார்த்து முடிவு செய்கிறார். மதிப்பீடு அவருக்குத் துணை.

எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

மனம் நொந்த எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையில்லை. தலையில் அடிபட்ட பிள்ளை, வலிப்புள்ள பிள்ளை, மூளைக் காய்ச்சல் வந்து தேறிய பிள்ளை, பிறந்தபோது மூச்சுத் திணறிய பிள்ளை படிப்பில் தடுமாறினால் கேட்கலாம். சிகிச்சை நடந்தும் படிப்பு மட்டும் தேறாவிட்டால் கேட்கலாம். நன்றாகப் படித்த பதின்ம வயதுப் பிள்ளை காரணமில்லாமல் சரிந்துகொண்டே போனால் தாமதிக்காமல் உளமருத்துவரிடம் காட்ட வேண்டும். மதிப்பீடு வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

வீட்டில் அடி நடக்கிறது, அல்லது யாரோ பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் சோதனை முதல் வேலை இல்லை. பாதுகாப்பே முதல் வேலை. சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற எண் அதற்குத்தான் இருக்கிறது. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கும் பேசலாம்.

போகுமுன்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் தொடங்குவதே நல்லது. அங்கே போகுமுன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். முழு மதிப்பீட்டைச் செய்யக்கூடிய மருத்துவ உளவியலாளர்கள் இலங்கை முழுவதிலுமே குறைவு. தமிழில் செய்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே வேறு மாவட்டத்துக்கு அனுப்பக்கூடும், காத்திருக்கவும் நேரும். காத்திருக்கும் காலத்தில் உளவளத்துணையை நிறுத்த வேண்டியதில்லை.

பிள்ளையின் தாய்மொழியில் செய்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மொழிபெயர்க்க அண்ணனையோ அக்காவையோ இருத்தக் கூடாது. உதவி செய்யும் ஆசையில் பதிலையே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கொழும்பில் காலை எட்டு மணிக்கு நேரம் தந்தால், இரவு பஸ்ஸில் கண்விழித்துப் போய் அப்படியே மேசையில் இருத்தாதீர்கள். தூக்கமில்லாத பிள்ளையின் கவனத்தை அளந்தால் பஸ் பயணத்தைத்தான் அளந்ததாகும். வேறு வழியே இல்லையென்றால் உளவியலாளரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். வேலை பல மணி நேரம் எடுக்கும், இடைவேளை உண்டு, இரண்டு நாளாகப் பிரிக்கவும் கேட்கலாம். சாப்பாடு, தண்ணீர், கண்ணாடி, வழமையான மருந்து, கிளினிக் கொப்பி, பழைய அறிக்கைகள், எறியாமல் வைத்திருக்கும் பழைய பாடசாலைக் கொப்பிகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

பிள்ளையிடம் பொய் சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம். படிப்பில் உனக்கு எது கஷ்டம் என்று கண்டுபிடித்து உதவத்தான் போகிறோம், சிலது சுகமாக இருக்கும், சிலது யாருக்குமே கடினம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், ஊகித்தும் பார்க்கலாம் என்று சொன்னால் போதும். சித்தியடைய வேண்டும் என்று நேர்த்தி வைக்க வேண்டியதில்லை. இதில் சித்தியும் இல்லை, தவறுவதும் இல்லை. விசர் டொக்டரிடம் போகிறாய் என்று சொல்லும் உறவினர் வாயை மூடவைப்பது பெரியவர்களின் பொறுப்பு.

அறிக்கை வந்ததும் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். எது பலம், எது பலவீனம், வீட்டில் என்ன மாற்ற வேண்டும், வகுப்பில் என்ன மாற்ற வேண்டும் என்று புரியும்வரை விடாதீர்கள். பாடசாலைக்கு முழு அறிக்கையையும் கொடுக்க வேண்டியதில்லை. குடும்பத்து இரகசியங்கள் அதில் இருக்கும். ஆசிரியர் அறையில் அது கைமாறக் கூடாது. பரிந்துரைப் பகுதியை மட்டும் தனியாக எழுதித் தரும்படி கேட்டால் தருவார்கள். முன்வரிசையில் இருத்துவது, ஒரே நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுப்பது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சிட்ட தாளைக் கொடுப்பது, சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் விடுவது போன்றவற்றுக்குப் பெரிய செலவில்லை. பொதுப் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற ஏற்பாடு தேவைப்படும் என்றால், மருத்துவச் சான்றுகளோடு அதிபரிடம் வெகு முன்னதாகவே பேச வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரையும் பார்க்கலாம்.

அதே சோதனையை ஒரு வருடத்துக்குள் மறுபடி செய்தால், பழக்கத்தால் புள்ளி கூடும், அது முன்னேற்றமாகாது. எனவே எந்தச் சோதனைகள் எந்தத் திகதியில் செய்யப்பட்டன என்பது அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூளை இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. பத்து வயதில் எழுதிய அறிக்கை பதினைந்து வயதுக்குப் போதாது, மீண்டும் பார்க்க வேண்டிவரும். முதலாவது அறிக்கையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து, வெள்ளத்தில் நனையாதபடி பொலித்தீன் உறையில் வைத்திருங்கள். அடுத்த தடவை பார்ப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.